'தெரியாத படத்தைத் திறக்காதீர்கள்': இந்த அறிவுரை யாருக்கு?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். படக் கோப்பு வழியாகச் செல்பேசிக்குள் உளவு மென்பொருள் நுழைவது பற்றி உங்கள் நாளிதழின் தொழில்நுட்பப் பக்கத்தில் ஒரு பெட்டிச் செய்தி வந்திருந்தது. செய்தியில் பெரிய குறை ஒன்றும் இல்லை. ஆனால் 'முன்பின் தெரியாதவர்கள் அனுப்பும் படங்களைத் திறக்காதீர்கள்' என்று கடைசியில் ஒரு வரி தடித்த எழுத்தில் இருந்ததே, அந்த வரிக்காகத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகிவிட்டது. இடமில்லையென்றால் வெட்டிக்கொள்ளுங்கள், நடுவில் வரும் ஜேபெக் கணக்கில் மட்டும் கை வைக்க வேண்டாம்.

ஸ்கேனரும் பிரிண்டரும் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தில் மென்பொருள் எழுதி ஓய்வு பெற்றவன் நான். டிஃப், ஜேபெக், ஃபேக்ஸ் என்று படக் கோப்புகளைப் படித்துத் தாளில் அச்சாகும் புள்ளிகளாக மாற்றித் தரும் நிரல்கள்தான் என் வேலையின் பெரும்பகுதி. சலிப்பான வேலை என்று கூட வேலை பார்த்தவர்களே சொல்வார்கள். எனக்குச் சலிக்கவில்லை. ஒரு படக் கோப்பின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தவன் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

உங்கள் செய்தியைப் படித்ததிலிருந்து என் தம்பி, தெரியாத எண்ணிலிருந்து வரும் படங்களைத் தொடுவதில்லை. பட்டியலில் சின்னதாகத் தெரியும்போதே நீக்கிவிடுகிறான். "சின்னதாகத் தெரிந்ததா?" என்று கேட்டேன். "ஆமாண்ணா, அதைப் பார்த்துத்தானே வேண்டாம் என்று முடிவு பண்ணுகிறேன்" என்றான். அந்தச் சின்னப் படம் எங்கிருந்து வந்தது? பல நேரங்களில் செல்பேசியே முழுக் கோப்பையும் படித்து, விரித்து, மறுபடி சுருக்கி வரைந்து காட்டுவதுதான் அது. வாசலில் நிற்பது யாரென்று நாம் எட்டிப் பார்ப்பதற்குள் இயங்குதளம் அவரைக் கூடத்தில் உட்கார வைத்துவிடுகிறது. அப்புறம் நாம் கதவைத் திறக்காமல் இருந்து என்ன பயன்?

படம் என்றால் ஒன்றும் செய்யாத, சும்மா கிடக்கும் பொருள் என்ற நினைப்பு நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. நிரலை இயக்கினால்தான் ஆபத்து, படம் வெறும் தகவல் என்று கணினி வகுப்புகளிலேயே சொல்லிக்கொடுத்த காலம் உண்டு. ஆனால் கோப்புக்குள் இருப்பவை படத்தை மறுபடி எப்படிக் கட்டுவது என்ற குறிப்புகள். அகலம் இவ்வளவு, உயரம் இவ்வளவு, நிற அட்டவணை இது, அடுத்த பகுதி இத்தனை பைட் நீளம், அதை இந்த முறையில் விரி என்று வரிசையாகப் போகும். இந்த எண்களை எழுதியவர் கோப்பை அனுப்பியவர். அவற்றை நம்பி நினைவகத்தில் இடம் ஒதுக்கி, பைட்டுகளை நகல் எடுத்து வைப்பது நம் கருவியில் இருக்கும் டிகோடர், அதாவது கோப்பைப் படித்துப் படமாக விரிக்கும் நிரல். 'நூறு பைட் வருகிறது' என்று எழுதிவிட்டு ஆயிரம் பைட் அனுப்பினால், எண்ணிப் பார்க்காத டிகோடர் நூறுக்கான இடத்தில் ஆயிரத்தையும் கொட்டும். மீதித் தொள்ளாயிரம் பக்கத்திலிருக்கும் நினைவகத்தின் மேல் விழும். அங்கே நிரல் அடுத்து எங்கே போக வேண்டும் என்ற முகவரி இருந்தால், அந்த முகவரியை இப்போது எழுதுவது கோப்பை அனுப்பிய ஆள்.

சரி, வெட்ட வேண்டாம் என்று சொன்ன ஜேபெக் கணக்குக்கு வருகிறேன். ஜேபெக் கோப்பில் 'குறிப்புரை' என்று ஒரு பகுதி இருக்கிறது. எந்த மென்பொருளில் உருவானது என்பது போன்ற நாலு வார்த்தை எழுதி வைக்கும் இடம். படத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அதைத் தூக்கிப் போட்டாலும் படம் அப்படியே தெரியும். அந்தப் பகுதியின் தொடக்கத்தில் அதன் நீளத்தை இரண்டு பைட்டில் எழுத வேண்டும். அந்த இரண்டு பைட்டையும் நீளத்தில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது விதி. ஆக, ஒன்றுமே எழுதாத குறிப்புரைக்குக்கூட நீளம் 2. அதற்குக் கீழே போகவே முடியாது. டிகோடர் எழுதுபவர் என்ன செய்வார்? நீளத்திலிருந்து இரண்டைக் கழித்தால் உண்மையான உரையின் நீளம் கிடைக்கும் என்று ஒரு வரி எழுதுவார். அனுப்புகிறவர் வேண்டுமென்றே நீளம் 0 என்று எழுதியிருந்தால்? 0 கழித்தல் 2. குறை எண்ணுக்கே இடமில்லாத எண் வகையில் கணக்குப் போட்டால், அந்த விடை 429 கோடியைத் தாண்டிய ஒரு எண்ணாக மாறும். அத்தனை பைட்டை நகல் எடுக்கக் கிளம்பும் நிரல், போகிற வழியில் இருப்பதையெல்லாம் அழித்துக்கொண்டே போகும்.

2000 ஜூலையில் இதை நெட்ஸ்கேப் உலாவியில் கண்டுபிடித்து வெளியிட்டார், சோலார் டிசைனர் என்ற புனைபெயரில் அறியப்படும் ஆய்வாளர். விவரம் முழுக்க எல்லோருக்கும் தெரியும்படி எழுதினார். நாலு ஆண்டு கழித்து, 2004 செப்டம்பரில், மைக்ரோசாஃப்ட் ஒரு அவசர நிலை அறிவிப்பு வெளியிட்டது. விண்டோஸ் எக்ஸ்பியிலும் ஆஃபீஸ் மென்பொருள்களிலும் படங்களைக் கையாளும் ஜிடிஐ பிளஸ் என்ற பகுதியில் ஓட்டை. என்ன ஓட்டை? அதே ஜேபெக், அதே குறிப்புரை, அதே கழித்தல் இரண்டு. நாலு ஆண்டாக ஊரறிந்த ஓட்டை, உலகத்தில் அதிகம் பேர் பயன்படுத்தும் இயங்குதளத்தில் உட்கார்ந்திருந்தது. 'இரண்டுக்குக் குறைவாக இருந்தால் கோப்பை நிராகரி' என்று ஒரு வரி போதும். அந்த ஒரு வரி இல்லாததற்கு, படத்தைத் திறந்த வாசகர் என்ன பொறுப்பு ஏற்க முடியும் என்று நீங்களே சொல்லுங்கள்.

இதைவிட விசித்திரமானது 2005 டிசம்பர் கடைசி வாரத்தில் வெடித்த டபிள்யூஎம்எஃப் விவகாரம். இதில் எண்ணிப் பார்க்காத பிழைகூட இல்லை. டபிள்யூஎம்எஃப் என்பது விண்டோஸின் பழைய பட வடிவம். 1990-ல் வந்த விண்டோஸ் 3.0 காலத்துச் சரக்கு. 'இங்கே கோடு போடு, அங்கே வட்டம் வரை' என்ற கட்டளைகளைச் சேமித்து வைத்து, வேண்டும்போது ஓட்டிக் காட்டும். அந்தக் கட்டளைகளில் ஒன்று, அச்சு வேலை பாதியில் நின்றால் இந்த நிரல் பகுதியைக் கூப்பிடு என்று சொல்ல உதவுவது. பிரிண்டர் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்தக் காலத்துக்கு அது நியாயமான வசதிதான். அச்சாகிக்கொண்டிருக்கும்போது ரத்து செய்தால் கணினி மொத்தமும் உறைந்து நின்ற காலம் அது. ஆனால் அந்த வசதி ஒரு படக் கோப்புக்குள்ளேயே இருக்கலாம், கூப்பிட வேண்டிய நிரலும் அதே கோப்புக்குள் இருக்கலாம் என்று விட்டுவைத்ததுதான் வினை. படத்தைக் காட்டு என்றால், படம் கொண்டுவந்த நிரலையும் சேர்த்து இயக்கும். எழுதப்பட்டபடியே சரியாக வேலை செய்தது!

அப்போதும் பத்திரிகைகள் 'தெரியாத படங்களைத் திறக்காதீர்கள்' என்றுதான் எழுதின. நடந்தது வேறு. கோப்பின் பெயரை .ஜேபிஜி என்று மாற்றினாலும் விண்டோஸ் உள்ளே எட்டிப் பார்த்து, 'ஓ, இது டபிள்யூஎம்எஃப்' என்று கண்டுபிடித்து அதற்கான டிகோடரிடம் கொடுத்தது. சிறுபடங்கள் தெரியும்படி வைத்த கோப்புறையைத் திறந்தாலே போதும். கூகுள் டெஸ்க்டாப் என்ற தேடல் மென்பொருள் போட்டிருந்த கணினிகளில் அதுவும் தேவைப்படவில்லை. புதிய கோப்பு எது வந்தாலும் அது அட்டவணை போடும். அட்டவணை போட உள்ளே பார்க்க வேண்டும். பார்த்தால் முடிந்தது கதை. பயனர் எதையும் தொடவில்லை.

மைக்ரோசாஃப்ட், திருத்தங்களை வெளியிடும் வழக்கமான மாதாந்திர நாளான 2006 ஜனவரி 10 வரை காத்திருக்கச் சொன்னது. அதற்குள் ஐடிஏ புரோ என்ற ஆய்வுக் கருவியை உருவாக்கிய இல்ஃபாக் கில்ஃபானோவ், ஆண்டின் கடைசி நாளில் தானே ஒரு தற்காலிகத் திருத்தத்தை எழுதி வெளியிட்டார். சான்ஸ் (SANS) என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் இணையக் கண்காணிப்பு மையம் அதைச் சோதித்துவிட்டு, பயன்படுத்துங்கள் என்று பரிந்துரைத்தது. ஒரு பெரிய நிறுவனத்தின் இயங்குதளத்துக்கு வெளியாள் எழுதிய மருந்தைப் போட்டுக்கொள்ளச் சொல்லும் அளவுக்கு நிலைமை இருந்தது. கடைசியில் ஜனவரி 5-ஆம் தேதியே மைக்ரோசாஃப்ட் திருத்தத்தை வெளியிட்டுவிட்டது. இது வேண்டுமென்றே வைத்த கள்ளக்கதவு என்று ஒருவர் கிளப்பிவிட்டு, அது வேறு சில வாரம் ஓடியது. பழைய நிரலை யாரும் திரும்பிப் பார்க்காமல் சுமந்து வந்ததன் விளைவு என்பதே என் கட்சி. சதி என்றால் இவ்வளவு அசட்டையாக இருக்காது.

திருத்திய பிறகாவது நிம்மதி உண்டா என்றால், அசையும் மவுஸ் குறிகளுக்கான ஏஎன்ஐ கோப்பைப் பாருங்கள். 2005 ஜனவரியில் அதில் ஒரு ஓட்டையை அடைத்தார்கள். 2007 ஏப்ரலில் அதே நிரலை மறுபடி அவசரமாகத் திருத்த வேண்டி வந்தது. முதல் தலைப்புப் பகுதியின் நீளத்தைச் சரிபார்க்கும் வரியைச் சேர்த்தவர்கள், கோப்பில் இரண்டாவதாக ஒரு தலைப்புப் பகுதி வந்தால் அதைப் பார்க்காமல் விட்டிருந்தார்கள். அப்போது புத்தம் புதிதாக வந்திருந்த விண்டோஸ் விஸ்டாவிலும் அது இருந்தது.

இதெல்லாம் விண்டோஸின் பழங்கதை, இப்போதைய செல்பேசிகள் அப்படி இல்லை என்று யாராவது சொல்லக்கூடும். சாம்சங் செல்பேசிகளில் 2014 கடைசியிலிருந்து க்யூமேஜ் என்ற பட வடிவத்துக்கான டிகோடர் இருந்தது. பெயரே கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். கேள்விப்பட வேண்டிய தேவையும் இல்லை. திரைத் தோற்றங்களுக்கான படங்களைச் சுருக்கி வைக்க அதைப் பயன்படுத்தினார்கள். ஆனால் அந்த டிகோடரை ஆண்ட்ராய்டின் பொதுவான பட லைப்ரரிக்குள் (எல்லாச் செயலிகளும் படம் காட்டப் பயன்படுத்தும் நிரல் தொகுப்பு) செருகியிருந்ததால், எம்எம்எஸ் செய்தியில் வந்த படத்தையும் அது படித்தது. பாதுகாப்பு ஓட்டைகளைத் தேடும் கூகுளின் பிராஜெக்ட் ஜீரோ குழுவைச் சேர்ந்த மாத்தேயுஷ் யூர்ச்சிக் 2020-ல் இதை நிரூபித்துக் காட்டினார். 50 முதல் 300 எம்எம்எஸ் வரை தேவைப்படும், சராசரியாக நூறு நிமிடத்தில் செல்பேசி தாக்குபவரின் கைக்குப் போய்விடும். உரிமையாளர் ஒரு விரலைக்கூட அசைக்க வேண்டாம். 2020 மே மாதம் சாம்சங் திருத்தம் கொடுத்தது.

ஐபோன் கதை என் தொழிலோடு நேரடியாகத் தொடர்புடையது, அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். 2021-ல் ஒரு சவுதி சமூக ஆர்வலரின் ஐபோனை ஆராய்ந்த டொராண்டோ பல்கலைக்கழகத்தின் சிட்டிசன் லேப் ஆய்வுக் குழு, அதில் .ஜிஃப் என்று பெயர் வைத்த கோப்புகளைக் கண்டது. இஸ்ரேலின் என்எஸ்ஓ நிறுவனத்தின் பெகாசஸ் உளவு மென்பொருள் அந்த வழியாகத்தான் உள்ளே போயிருந்தது. ஐபோனின் செய்திச் சேவையான ஐமெசேஜில் வரும் ஜிஃப் எனும் அசையும் படம் நிற்காமல் சுழன்றுகொண்டே இருக்க வேண்டும் என்று ஆப்பிளுக்கு ஆசை. அதற்காக, செய்தி திரையில் தெரிவதற்கு முன்பே கோப்பைத் திறந்து, சுழலும் எண்ணிக்கையை மாற்றி எழுதும் ஒரு வேலை பின்னால் நடந்தது. அந்த வேலை பெயரை நம்பவில்லை, உள்ளடக்கத்தைப் பார்த்துத்தான் எந்த டிகோடர் என்று முடிவு செய்தது. உள்ளே இருந்தது பிடிஎஃப். அந்தப் பிடிஎஃப்புக்குள் ஜேபிக் 2.

ஜேபிக் 2 எங்கள் ஆட்களுக்கு நன்றாகப் பழக்கம். கருப்பு வெள்ளையில் ஸ்கேன் செய்த பக்கங்களைச் சுருக்குவதற்கான முறை. பக்கத்தில் ஒரே மாதிரி தெரியும் எழுத்து வடிவங்களில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, மற்ற இடங்களில் 'அதையே இங்கேயும் போடு' என்று குறித்துக்கொள்ளும். கெட்டிக்காரத்தனம்தான், ஆனால் ஏடாகூடமான கெட்டிக்காரத்தனம். 2013-ல் ஜெர்மனியைச் சேர்ந்த டேவிட் கிரீசல், ஜெராக்ஸ் நிறுவனத்தின் சில இயந்திரங்கள் ஸ்கேன் செய்யும்போது 6 என்ற எண்ணை 8 ஆக மாற்றிவிடுவதை வெளிக்கொண்டு வந்தாரே, அதற்குக் காரணம் இந்த முறைதான். 6-ம் 8-ம் ஒரே வடிவம் என்று அது நினைத்துக்கொண்டது. கட்டிட வரைபடத்தில் அறையின் அளவு மாறிப்போனால் என்ன ஆகும்? அந்தச் செய்தி வந்தபோது என் போன்றவர்கள் பட்ட பதற்றம் தனிக் கதை; அதை விடுகிறேன்.

ஆப்பிள் ஏன் ஐபோனில் ஸ்கேனர் சுருக்க முறையை வைத்திருந்தது? பிடிஎஃப் தரத்தில் அது இருக்கிறது, அவ்வளவுதான். அந்த டிகோடரில் ஒரு கூட்டலின் விடை, அதை வைக்க ஒதுக்கிய எண் வகையின் எல்லையை மீறியது. அந்தச் சின்ன விரிசலில் நுழைந்தவர்கள் செய்ததை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பு. ஜேபிக் 2-ல் இரண்டு வடிவங்களை ஒன்றின் மேல் ஒன்று வைத்துச் சேர்க்க, கழிக்க, 'இதுவும் அதுவும்', 'இதுவோ அதுவோ' என்று கணக்குப் போட வசதி உண்டு. கணினியின் அடிப்படைத் தர்க்கமும் அதே கணக்குகள்தாம். எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட கட்டளைகளை அடுக்கி, ஒரு படத்தை விரிக்கும் வேலைக்குள்ளேயே சின்னதாக ஒரு முழுக் கணினியைக் கட்டிவிட்டார்கள். பிராஜெக்ட் ஜீரோவின் இயன் பியரும் சாமுவேல் கிராஸும் 2021 டிசம்பரில் இதை விளக்கி எழுதியபோது, தாங்கள் பார்த்ததிலேயே நுட்பமான தாக்குதல்களில் ஒன்று என்று ஒப்புக்கொண்டார்கள். ஆப்பிள் 2021 செப்டம்பர் 13 அன்று ஐஓஎஸ் 14.8 மூலம் ஓட்டையை அடைத்தது.

அதன் பிறகு ஆப்பிள் செய்த இன்னொன்றுதான் என் வாதத்துக்கு முக்கியம். அந்தப் பின்னணி வேலை தொடக்கூடிய பட வடிவங்களின் எண்ணிக்கையை அக்டோபரில் வந்த 14.8.1-ல் குறைத்தது. ஐஓஎஸ் 15-ல் ஜிஃப் படிக்கும் வேலையைத் தனியாக அடைத்து வைத்த பாதுகாப்புப் பகுதிக்கு மாற்றிவிட்டது. அதாவது, செய்ய முடிந்த காரியம்தான். ஓட்டை வெளியே தெரிந்து, ஒருவர் பாதிக்கப்பட்ட பிறகு செய்தார்கள்.

ஆசிரியர் அவர்களே, நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். தெரியாத ஆளிடமிருந்து வரும் கோப்பை, பயனர் கேட்காமலேயே, எத்தனையோ வடிவங்களில் எதுவானாலும் திறந்து பார்ப்பது என்று முடிவு செய்தவர்கள் இயங்குதளம் தயாரிப்பவர்கள். அந்த முடிவின் பொறுப்பைக் கடைசியில் வாசகரின் விரல் மேல் சுமத்தும் அறிவுரையை நீங்கள் அச்சிடக் கூடாது.

எத்தனை வடிவங்கள் என்கிறீர்களா? சாமுவேல் கிராஸ் 2020-ல் ஆப்பிளின் பட லைப்ரரியைத் தாறுமாறான கோப்புகளைக் கொடுத்துச் சோதித்தபோது, ஓப்பன்இஎக்ஸ்ஆர் என்ற வடிவத்திலும் ஓட்டைகள் கிடைத்தன. அது திரைப்பட கிராஃபிக்ஸ் வேலைக்காக இண்டஸ்ட்ரியல் லைட் அண்ட் மேஜிக் உருவாக்கிய வடிவம். நமக்கு யார் அதில் படம் அனுப்பப் போகிறார்கள்? 2025-ல் பாலோ ஆல்டோ நெட்வொர்க்ஸ் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் யூனிட் 42 குழு வெளியிட்ட லேண்ட்ஃபால் உளவு மென்பொருள், சாம்சங் செல்பேசிகளுக்கு டிஎன்ஜி படமாகப் போயிருந்தது. டிஎன்ஜி என்பது கேமராவின் பதப்படுத்தாத கோப்பு, புகைப்படக்காரர்கள் தங்கள் கணினியில் திருத்த வைத்துக்கொள்வது. வாட்ஸ்அப்பில் வந்த சாதாரணப் புகைப்படம் போலவே ஜேபெக் பெயரோடு அது இருந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் ஆப்பிளும் தன் பட லைப்ரரியில், உண்மையிலேயே தாக்குதலுக்குப் பயன்பட்ட ஓர் ஓட்டையை அடைத்தது. இத்தனை அனுபவத்துக்குப் பிறகும், அறிமுகமில்லாத எண்ணிலிருந்து வரும் படம் ஜேபெக், பிஎன்ஜி தவிர வேறு எதுவாக இருந்தாலும் பயனரைக் கேட்காமல் தொடாதே என்று ஏன் இயல்பாக வைக்கக் கூடாது? வேண்டுமென்கிற புகைப்படக்காரர் அமைப்பில் போய் மாற்றிக்கொள்ளட்டும்.

ஆப்பிளே 2022-ல் லாக்டவுன் மோட் என்று ஒன்று கொண்டுவந்தது. குறி வைக்கப்படும் பத்திரிகையாளர்கள், ஆர்வலர்கள் போன்றவர்களுக்கானது. அதைப் போட்டுக்கொண்டால் செய்திகளோடு வரும் கோப்புகளில், சில வகைப் படங்கள் போன்றவை தவிர, பெரும்பாலான வகைகளைச் செல்பேசி தொடாது. 2023 செப்டம்பரில் சிட்டிசன் லேப் கண்டுபிடித்த அடுத்த ஐபோன் தாக்குதலை அது தடுத்திருக்கும் என்று ஆப்பிளே சொன்னது. நல்ல கதவு இருக்கிறது. அதை எல்லோருக்கும் ஓரளவாவது மாட்டித் தரலாமே.

அந்த 2023 விவகாரத்தில் வேறொரு சிக்கலும் தெரிந்தது. ஓட்டை இருந்த இடம் லிப்வெப்பி, கூகுளின் வெப்பி படங்களைப் படிக்கும் லைப்ரரி. தரம் குறையாமல் சுருக்கும் முறையில், ஒரு அட்டவணைக்கு ஒதுக்கிய இடத்தைவிடப் பெரிய அட்டவணையைக் கோப்பு கேட்டு வாங்க முடிந்தது. செப்டம்பர் 11-ஆம் தேதி கூகுள் குரோமில் அடைத்துவிட்டது. செய்திகளிலும் 'குரோம் ஓட்டை' என்றே வந்தது. ஆனால் அதே லைப்ரரி ஃபயர்ஃபாக்ஸில் இருந்தது, ஆண்ட்ராய்டில் இருந்தது. குரோமின் உள்பகுதியை எடுத்து உருவாக்கிய அரட்டை, அலுவலகச் செயலிகள் ஒவ்வொன்றும் ஒரு நகலைச் சுமந்துகொண்டிருந்தது. ஒன்றைத் திருத்தினால் மற்றது திருந்தாது. 2004-ல் ஜிடிஐ பிளஸ் ஓட்டையிலும் இதே தலைவலிதான். விண்டோஸைத் திருத்தியவர்களின் கணினியிலேயே வேறு மென்பொருள்கள் கொண்டுவந்த பழைய நகல்கள் கிடந்தன. அதனால் 'செல்பேசியை அப்டேட் செய்யுங்கள்' என்று மட்டும் எழுதினால் பாதி வேலைதான். செயலிகளையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

எல்லாமே கெட்டவர்கள் வேலை என்றும் நினைத்துவிடக் கூடாது. 2020-ல் ஓர் ஏரியின் அழகான புகைப்படத்தைப் பின்னணிப் படமாக வைத்தவுடன் பல ஆண்ட்ராய்டு 10 செல்பேசிகள் மறுபடி மறுபடி அணைந்து உயிர்பெற்றுக்கொண்டே இருந்தன. எடுத்தவர் சாதாரணப் புகைப்பட ஆர்வலர். படத்தின் நிற அமைப்பு கொஞ்சம் வேறு. அதனால் வெளிச்சத்தைக் கணக்கிடும்போது உச்சமாக 255 இருக்க வேண்டிய இடத்தில் 256 வந்தது. இல்லாத பெட்டியில் எண்ணை வைக்கப் பார்த்து நிரல் விழுந்தது. ஒரே ஒரு எண். வம்புக்காரர் யாரும் இல்லாமலேயே இந்தக் கூத்து.

தயாரிப்பாளர்கள் செய்ய வேண்டியது என்ன என்பதில் பெரிய மர்மம் இல்லை. தங்கள் மென்பொருள்களின் பாதுகாப்பு ஓட்டைகளில் சுமார் 70 சதவீதம் நினைவகத்தைக் கையாள்வதில் வரும் பிழைகள் என்று மைக்ரோசாஃப்ட் 2019-லும், குரோம் குழு மோசமான ஓட்டைகளைப் பொறுத்து 2020-லும் சொல்லின. நீளத்தை நிரலாளர் மறந்தாலும் மொழியே சரிபார்க்கும் ரஸ்ட் போன்ற மொழிகள் வந்துவிட்டன. நான் வேலை பார்த்த காலத்தில் சி மொழியை விட்டால் வேகம் போய்விடும் என்பார்கள். அன்றைய கருவிகளுக்கு அது உண்மைதான். இன்று அந்தச் சாக்கு செல்லாது. பட டிகோடர் என்பது மாற்றி எழுத மிகவும் வசதியான பகுதி: உள்ளே ஒரு கோப்பு, வெளியே புள்ளிகள், நடுவில் வேறு யாருடனும் பேச்சு வேண்டாம். இதைக்கூட மாற்றாமல் வைத்துக்கொண்டு செயற்கை நுண்ணறிவு அது இது என்று மேடையில் பேசுவதைப் பார்த்தால் எரிச்சல் வருகிறது.

வாசகர்களைப் பயமுறுத்துவது என் நோக்கம் இல்லை. ஐமெசேஜ் வழியாகப் போனது போன்ற தாக்குதலை உருவாக்கப் பெரும்பணமும் அரிய திறமையும் வேண்டும். அது எல்லோர் மீதும் வீசப்படுவதில்லை. சாதாரண ஆளுக்கு ஆபத்து பெரும்பாலும் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. ஓட்டை வெளியே தெரிந்து, திருத்தமும் வந்து, அந்தத் திருத்தம் தன் செல்பேசிக்கு வராத நிலையில் இருப்பவர்தான் உண்மையில் மாட்டக்கூடியவர். டபிள்யூஎம்எஃப் ஓட்டை தெரிந்த சில நாட்களிலேயே விளம்பர மென்பொருள் விற்பவர்கள் வரை அதைப் பயன்படுத்தியது நினைவிருக்கலாம். ஆகவே அப்டேட் வந்தால் தள்ளிப்போடாமல் போடுவது, செய்திச் செயலிகளில் தெரியாத எண்களின் படங்கள் தானாக இறங்குவதை நிறுத்தி வைப்பது, எம்எம்எஸ் தானாக இறங்குவதையும் அணைத்து வைப்பது ஆகியவை பயனுள்ளவை. இவற்றை எழுதுங்கள். விரலைக் கட்டிப்போடச் சொல்வதைவிட இவை உருப்படியானவை.

ஆனால் அப்டேட்டே வராதவர் என்ன செய்வார்? செல்பேசி நன்றாக இயங்குகிறது, பேட்டரி நிற்கிறது, நிறுவனம் மட்டும் கைகழுவிவிட்டது. இந்த இடத்தில் சட்டம் கொஞ்சம் அசைந்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல், ஒரு செல்பேசி மாதிரியைச் சந்தைக்கு அனுப்புவதை நிறுத்திய பிறகும் குறைந்தது ஐந்து ஆண்டுகள் இயங்குதள அப்டேட் கிடைக்க வேண்டும் என்று விதி வந்துவிட்டது. பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல், பாதுகாப்பு அப்டேட் குறைந்தபட்சம் எதுவரை வரும் என்பதைத் தயாரிப்பாளர் வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும். கூகுள் 2023-ல் பிக்சல் 8 செல்பேசிக்கும், சாம்சங் 2024-ல் எஸ் 24 வரிசைக்கும் ஏழு ஆண்டுகள் அப்டேட் என்று வாக்குக் கொடுத்தன. இரண்டும் விலை உயர்ந்தவை என்பதைக் கவனியுங்கள். குறைந்த விலைச் செல்பேசி வைத்திருப்பவருக்கும் அதே ஜேபெக்தான் வருகிறது, அதே ஓட்டை வழியாகத்தான் வருகிறது.

உங்கள் நாளிதழ் புதிய செல்பேசிகளுக்கு விமர்சனம் வெளியிடுகிறது. கேமரா எத்தனை மெகாபிக்சல், சார்ஜ் ஏற எத்தனை நிமிடம் என்று ஒரு அட்டவணையும் போடுகிறீர்கள். அதில் இன்னொரு வரி சேர்க்க வேண்டும் என்பது என் கோரிக்கை: பாதுகாப்பு அப்டேட் எந்த ஆண்டு, எந்த மாதம் வரை. நிறுவனத்திடம் கேட்டுப் போடுங்கள். பதில் வரவில்லை என்றால் அந்தக் கட்டத்தைக் காலியாக விடாமல், 'கேட்டோம், சொல்லவில்லை' என்றே அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஸ்கேனர் மென்பொருள் நிரலாளர்,
தங்கள் நாளிதழின் நீண்டநாள் வாசகன்